ஏழு தீவும் ஒரு சிமெண்டு பெஞ்சும்

அன்று சனிக்கிழமை. காலை பத்து மணிக்கு சூப்பிரண்டு வீட்டு ஹாலில் கூடியிருந்தவர்கள் ஆறு பேர். அவர்கள் உட்கார்ந்திருந்த விதம் பின்வருமாறு. மேசையின் தலைமாட்டில், கைப்பிடி வைத்த நாற்காலியில், சூப்பிரண்டு. பத்திரப் பதிவு அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகியும் அந்தப் பட்டம் அவரை விடவில்லை. அவரும் அதை விடுவதாக இல்லை. மின்விசிறிக்கு நேர் கீழே, சோபாவில், முதுகுக்கு இரண்டு தலையணை கொடுத்து, அவர் மனைவி. ஜன்னலோரம், செல்போனுக்கு சிக்னல் கிடைக்கும் ஒரே இடத்தில், சூப்பிரண்டின் தம்பி. டைல்ஸ் கடை வைத்திருப்பதால் குடும்பத்தில் அவர் பெயரே டைல்ஸ். அதே சோபாவின் மறுகோடியில், ஓரகத்தியிடமிருந்து எவ்வளவு தள்ளி உட்கார முடியுமோ அவ்வளவு தள்ளி, டைல்ஸ் வீட்டம்மா. சமையலறை வாசலில் முக்காலி போட்டு, இந்த அண்ணன் தம்பி இருவருக்கும் நடுவில் பிறந்தவள். தையல் வேலை செய்கிறவள். மேசையின் கடைசி மூலையில், ஒரு கால் ஆடுகிற நாற்காலியில், கையில் பேனாவோடு அவள் புருஷன். அவரை எல்லோரும் கப்பல்காரர் என்பார்கள்.

கப்பல்காரர் என்றதும் வெள்ளைச் சட்டை, தோளில் தங்கப் பட்டை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். உல்லாசக் கப்பல் ஒன்றின் சலவைக்கூடத்தில் பதினொரு வருடம் வேலை பார்த்தவர் அவர். கடல் மட்டத்துக்குக் கீழே, ஜன்னல் என்ற பேச்சுக்கே இடமில்லாத தளத்தில், மூவாயிரம் பேர் படுத்துப் புரண்ட விரிப்புகளை வாரிப் போட்டுத் துவைத்து உருளையில் விட்டுத் தேய்த்து மடித்தவர். கப்பலில் விடுமுறை போவதைப் பற்றிப் பேச அந்த ஹாலில் யாருக்காவது தகுதி உண்டென்றால் அவருக்குத்தான். அதனால்தானோ என்னவோ, அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை. கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்பதற்காக, எழுதுகிற வேலையை மட்டும் கொடுத்து மூலையில் உட்கார வைத்திருந்தார்கள்.

குடும்பமாகக் கடலில் போய்வருவது என்ற ஞானம் இவர்களுக்குப் பிறந்த கதையும் சொல்லத் தக்கதே. டைல்ஸுக்குப் போட்டியாக அதே தெருவில் கடை போட்டிருந்தவர் மனைவியோடு ஒரு தீவுக்குப் போய், இளநீர் கையுமாக எடுத்த படங்களை ஊருக்கெல்லாம் காட்டினார். அன்று முதல் டைல்ஸுக்குத் தூக்கம் போயிற்று. எட்டு மாதம் பேசி, மூன்று வண்ணப் புத்தகங்கள் வரவழைத்து, இன்று முடிவெடுத்தே தீர வேண்டிய கட்டத்துக்கு வந்திருந்தார்கள். பயண முகவர் அடுத்த ஊரில் இருந்தார். கையெழுத்திட்ட அசல் படிவங்கள் செவ்வாய்க்கிழமைக்குள் தன் மேசைக்கு வராவிட்டால் இடம் இல்லை என்று கறாராகச் சொல்லிவிட்டார். தபால் நிலையம் சனிக்கிழமை ஒரு மணிக்குக் கதவைச் சாத்திவிடும்.

"கூட்டத்தை ஆரம்பிக்கலாம்" என்றார் சூப்பிரண்டு, கண்ணாடியைத் துடைத்தபடி. பத்திரத்தை வாசிக்கிற அதே குரலில் முதல் புத்தகத்தை எடுத்தார். "பாதை ஒன்று. நீலத்தின் மடியில் ஏழு சொர்க்கங்கள். ஏழு நாள், ஏழு தீவு."

"ஒரு நாளைக்கு ஒண்ணு" என்றார் டைல்ஸ், செல்போனிலிருந்து தலையைத் தூக்காமல். "அந்தாளு ஒரே ஒரு தீவுக்குத்தான் போனான்."

"பாதை இரண்டு. அமைதியின் அலைகள். ஏழு நாள். அதுல நாலு நாள் நடுக்கடல். ரெண்டே ரெண்டு துறைமுகம். அதுல ஒரு ஊர்ல ராத்திரியும் கப்பல் நிக்குமாம்."

"நடுக்கடல்ல நாலு நாள் என்னண்ணே பண்றது? தண்ணியைப் பாக்கறதா? எங்க கடைக்கு எதிர்ல குழாய் உடைஞ்சு ஒரு வாரமா ஓடிக்கிட்டு இருக்கு, அதைப் பாத்துட்டு உக்காந்துரலாமே."

"ஆட்சேபணை குறிக்கப்பட்டது" என்றார் சூப்பிரண்டு. அந்தப் புத்தகத்தில் ஊர்ப் படம் ஒன்றுகூட இல்லை. கப்பலின் நீச்சல் குளமும், பழச்சாறு வைத்துக்கொண்டு எதற்கோ சிரிக்கிற ஒரு வயதான ஜோடியும் மட்டும்தான். "பாதை மூன்று. காதல் கரைகள்."

"நமக்கெதுக்கு அந்தக் கண்றாவி எல்லாம்?" என்றாள் சூப்பிரண்டு வீட்டம்மா.

"ஏன்க்கா, உங்களுக்கு வேணாம்னா எங்களுக்கும் வேணாமா?" என்றாள் டைல்ஸ் வீட்டம்மா.

"உனக்கு வேணும்னா உன் புருஷனை அந்தப் போனைக் கீழ வைக்கச் சொல்லு முதல்ல."

இந்த விவாதத்தின் தரம் இவ்வளவுதான். எந்தக் கப்பலில் சாப்பாடு நாள் முழுக்க உண்டு, எதில் சறுக்கு மரம் பெரிது, எந்தத் தீவில் படம் எடுத்தால் வெயில் முகத்தில் விழாது என்று அரைமணி நேரம் போயிற்று. கடலைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் ஒரு விஷயத்தில் எல்லோருக்கும் ஒரே மனது: அது ஜன்னல். மூன்று அறைகளை ஒரே பாதையில் ஒன்றாக எடுத்தால் மூன்றுக்கும் கடல் தெரியும் ஜன்னல் உண்டு. மூன்றில் ஒன்று குறைந்தாலும் மிச்சமிருப்பது ஜன்னலில்லாத உள்ளறைதான் என்று முகவர் சொல்லியிருந்தார். தங்கையையும் கப்பல்காரரையும் சேர்த்துக்கொள்ள இவர்கள் பாசத்தோடு முன்வந்ததற்குக் காரணம் அந்தப் பாசம் அல்ல, அந்த ஜன்னல்.

கப்பல்காரர் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். ஏழு நாளில் ஏழு தீவாம். காலையில் வீட்டில் அந்தப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு, "தீவைப் பாக்கப் போறாங்களா, இல்ல வீடு வீடாத் தலை எண்ணப் போறாங்களா?" என்று மனைவியிடம் ஏளனமாகக் கேட்டிருந்தார். கப்பல் நிற்பது ஐந்து மணி நேரம் என்றால், இறங்க வரிசையில் ஒரு மணி, ஏற வரிசையில் ஒரு மணி. மிச்சத்தில் கழிப்பறை எங்கே என்று விசாரிக்கத்தான் நேரம் இருக்கும். திரும்பி வந்து, சொர்க்கத்தைப் பார்த்தேன் என்று ஈரத் துண்டைத் தரையில் எறிவார்கள். அந்தத் துண்டுகளை அவருக்குத் தெரியும்.

அப்போதுதான் முக்காலியிலிருந்து அவர் மனைவி வாயைத் திறந்தாள்.

"அண்ணே, ரெண்டாவதுல ராத்திரி நிக்கும்னீங்களே, அது எந்த ஊரு?"

சூப்பிரண்டு ஊர்ப் பெயரைப் படித்தார். அவள் எழுந்தே விட்டாள்.

"அது இவர் எழுதின ஊருல்ல! மணிக்கூண்டு ஊரு!"

கப்பல்காரர் பேனா மூடியை இறுக்கி மூடினார்.

அந்த ஊரின் சங்கதி இது. வாரத்துக்கு ஒருமுறை கப்பல் அந்தத் துறைமுகத்தில் முழு நாளும் நின்று தண்ணீரும் சாமானும் ஏற்றும். கப்பல் முழுக்க விரிப்பு மாற்றுகிற நாளும் அதுவே. பயணிகள் தொப்பி போட்டுக்கொண்டு இறங்கிப் போவார்கள். சலவைக்கூடத்துக்குத் தலைக்கு மேல் வேலை. பதினொரு வருடத்தில் ஒரு முறைகூட அவர் அங்கே காலை வைத்ததில்லை. முதல் இரண்டு மாதம் அதைத்தான் வீட்டுக்கு எழுதினார்: இன்றும் விரிப்புகள், நலம், நலமறிய ஆவல். மனைவி பதில் போட்டாள்: இவ்வளவு தூரம் போய்விட்டு விரிப்பைப் பற்றியா எழுதுவது, ஊர் எப்படி இருக்கிறது என்று எழுதக் கூடாதா, அண்ணன் வீட்டில் கேட்கிறார்கள்.

அண்ணன் வீட்டில் கேட்டார்கள் என்றால், எப்படிக் கேட்டார்கள் என்பதும் அவருக்குத் தெரியும். அழுக்குத் துணி உத்தியோகத்துக்குக் கடல் தாண்டிப் போகணுமா என்று கேட்டிருப்பார்கள்.

அதன் பிறகு ஊர் பிறந்தது. துவைக்கப் போடுமுன் பயணிகளின் சட்டைப் பைகளைக் காலி செய்ய வேண்டும் என்பது சலவைக்கூடத்து விதி. காசு, சாவி, மோதிரம் என்றால் அலுவலகத்துக்குப் போகும். காகிதம் குப்பைக்குப் போகும். குப்பைக்குப் போனதை அவர் எடுத்து வைத்துக்கொண்டார். உச்சியில் இரும்புச் சேவல் நிற்கும் மணிக்கூண்டு, ஒரு தீப்பெட்டியில் இருந்தது. ஒவ்வொரு படியிலும் எண் எழுதிய நீலப் படிக்கட்டு, ஒரு நுழைவுச் சீட்டில். தலைகீழாகத் தொங்கும் கிளி, ஒரு காப்பிக்கடை காகிதத்தில். இவற்றையெல்லாம் கோத்து, தாமே அந்தத் தெருக்களில் நடந்தது போல, வாரம் ஒரு கடிதம். அவள் அந்தக் கடிதங்களை இதே ஹாலில் நின்று உரக்கப் படித்தாள். சூப்பிரண்டே ஒருமுறை, நடை நன்றாயிருக்கிறது என்று சொன்னாராம்.

இப்போது அந்த ஊரில் ஒரு பகலும் ஒரு இரவும் நின்று, "எங்கே மாப்பிள்ளை, உங்க மணிக்கூண்டுக்கு வழி காட்டுங்க" என்று மச்சான் கேட்டால், இடப் பக்கம் திரும்புவதா வலப் பக்கம் திரும்புவதா என்றுகூட அவருக்குத் தெரியாது.

"ரெண்டாவது வேணாம்" என்றார் கப்பல்காரர்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நாற்காலி பேசியது போல ஒரு பார்வை.

"அந்த மாசத்துல அந்தப் பக்கம் கடல் புரளும். வாந்தி எடுக்கறவங்களைக் கணக்கு வச்சு நாங்க தனியாத் துண்டு ஒதுக்குவோம். பேசாம முதல் பாதையே போடலாம். ஏழு தீவு. நல்லா இருக்கும்."

"கேட்டுக்கங்க, அனுபவஸ்தர் சொல்றாரு" என்றார் டைல்ஸ். வாழ்நாளில் முதல் தடவையாக மச்சானுக்கு அனுபவம் இருப்பது அவர் கண்ணில் பட்டது.

"ஏங்க, காலையில அதைக் காறித் துப்பாத குறையாப் பேசுனீங்களே?" என்றாள் மனைவி.

"யோசிச்சுப் பாத்தேன்."

"நாலு மணி நேரத்துலயா?"

"விடும்மா, அவரே ஒத்துக்கறாரு" என்று சூப்பிரண்டு கையைத் தூக்கினார். "பாதை ஒன்றுக்கு ஆதரவா இருக்கறவங்க கை தூக்கலாம்." நான்கு கைகள் எழுந்தன. கப்பல்காரரும் பேனாவோடு கையைத் தூக்கினார். அவர் மனைவி மட்டும் தூக்கவில்லை. "கொடுங்கண்ணே, அப்படி என்னதான் இருக்குதுன்னு நானும் பாக்கறேன்" என்று முதல் புத்தகத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

தையல்காரியின் கண் சாமான்யக் கண் அல்ல. ஒரு பூவின் பாதி இந்தத் துண்டிலும் மறுபாதி அந்தத் துண்டிலும் இருந்தால், ஒட்டி வைத்துப் பார்க்காமலே சொல்லிவிடுவாள். மூன்றாம் நாள் பக்கத்தில் அவள் விரல் நின்றது. கப்பல்காரர் தம் இடத்திலிருந்தே, தலைகீழாக, அந்தப் படத்தைப் பார்த்தார். வேறொரு தீவு. கடற்கரை. நடுவில் ஒரு மணிக்கூண்டு. உச்சியில் இரும்புச் சேவல்.

அவர் முகத்தில் ஈயாடவில்லை. பொய் சொன்னது அவருக்குத் தெரிந்த விஷயம்தான். பொய்யையும் தப்பாகச் சொல்லியிருக்கிறோம் என்பது இந்த நிமிஷம்தான் தெரிந்தது.

அவள் பக்கத்தைப் புரட்டினாள். ஆறாம் நாள்: காப்பிக்கடைப் பலகையில் தலைகீழ்க் கிளி. அது இன்னொரு தீவு. எழுந்து போய், யாரும் சீந்தாமல் கிடந்த மூன்றாவது புத்தகத்தை எடுத்தாள். காதல் கரைகளின் இரண்டாம் பக்கத்திலேயே நீலப் படிக்கட்டு இருந்தது. படிக்குப் படி எண். அதில் ஒரு புது ஜோடி நாற்பத்து மூன்றாம் படியில் உட்கார்ந்து முத்தம் கொடுத்துக்கொண்டிருந்தது. பிறகு இரண்டாவது புத்தகத்தைத் திறந்து, அந்த ஊர்ப் பெயரைப் பார்த்து, நீச்சல் குளத்தைப் பார்த்து, மூடினாள்.

"டீ போடறேன்" என்றாள். "ஏங்க, சர்க்கரை டப்பா மேல் தட்டுல இருக்கு. வந்து எடுத்துக் குடுங்க."

சர்க்கரை டப்பா அடுப்புக்குப் பக்கத்திலேயே இருந்தது. கப்பல்காரர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவள் பாலை ஊற்றி அடுப்பைப் பற்ற வைத்தாள். ஹாலில் டைல்ஸ் எதற்கோ சிரிக்கிற சத்தம் கேட்டது.

"மூணு துணியில வெட்டி ஒரு சட்டை தைச்சிருக்கீங்க" என்றாள், குரலை உயர்த்தாமல். "தைச்சது சரி. பொருந்துற துணியாவாவது பாத்து எடுத்திருக்கக் கூடாது?"

"எல்லாம் அந்த ஊர்ல கப்பல் நின்ன அன்னைக்குத்தான் பையில வந்துச்சு. அதனால அந்த ஊருதுன்னு…"

"நின்ன அன்னைக்கு வந்துச்சா?"

"சாயந்தரம் மூட்டை மூட்டையா வரும்."

அவள் திரும்பி அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "ஏங்க, இன்னைக்குப் போட்ட சட்டையை யாராவது இன்னைக்கே துவைக்கப் போடுவாங்களா? ரெண்டு நாள் மூலையில கிடந்து நாறினப்புறம்தானே போடுவாங்க? முந்தாநாள் தீவு, அதுக்கும் முந்தின தீவு எல்லாம் அந்தப் பையிலதான் இருக்கும். பதினொரு வருஷம் துணி துவைச்ச மனுஷனுக்கு இது கூடவா தோணலை?"

தோன்றவில்லை. அதுதான் உண்மை. மூவாயிரம் பேருடைய அழுக்கையும் அறிந்தவர், அழுக்கு ஒரு நாளில் சேராது என்பதை மட்டும் அறியாமல் போனார்.

"ஒரு தரம்கூட இறங்கலையா?"

"இல்ல."

பால் பொங்கி வந்தது. அவள் அடுப்பைத் தணித்தாள். டீத்தூளைப் போட்டுக் கரண்டியால் கலக்கினாள்.

"அந்த மணிக்கூண்டை வச்சு அண்ணிகிட்ட எத்தனை தரம் பேசியிருக்கேன் தெரியுமா உங்களுக்கு? அவங்க புது சோபா வாங்கினப்பகூட, என் வீட்டுக்காரர் மணிக்கூண்டுக்குக் கீழ உக்காந்து காப்பி குடிக்கறாருன்னு சொன்னேன். மூஞ்சி போன போக்கைப் பாக்கணும். எல்லாம் தீப்பெட்டி."

அவர் சர்க்கரை டப்பாவை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினார்.

"நிஜமா என்னதான் பாத்தீங்க அந்த ஊர்ல? ஏதாவது ஒண்ணு பாத்திருப்பீங்கல்ல?"

"சாமான் ஏத்துற கதவு ஒண்ணு கீழ்த் தளத்துல இருக்கு. அதைத் திறந்து வைப்பாங்க. சோப்பு மூட்டையை எண்ணி வாங்க நான் போய் நிப்பேன். பத்து நிமிஷம் இருக்கும்." அவர் கையால் கதவின் அளவைக் காட்டினார். "எதிர்ல ஒரு மதில். காறை பேந்த மதில். அதுல மஞ்சப் படுதா ஒண்ணு கட்டியிருக்கும். கீழ ஒரு சிமெண்டு பெஞ்சு. ஒரு ஆள் வருவாரு. செருப்பைக் கழட்டி ஜோடியா வச்சுட்டு, காலைத் தூக்கி மேல வச்சு உக்காருவாரு. சும்மா உக்காந்திருப்பாரு. அவ்வளவுதான். பதினொரு வருஷமும் அதுதான். என்னைக்காவது இறங்கினா அங்க போய் ஒரு பத்து நிமிஷம் உக்காரணும்னு நினைப்பேன்."

"இதை ஏன் எழுதலை?"

"பெஞ்சைப் பத்தி என்ன எழுதறது? நீதான் விரிப்பைப் பத்தி எழுதாதீங்கன்னு எழுதினியே."

அவள் டீயை வடிகட்டிக்கொண்டிருந்தாள். வடிகட்டி ஒரு தம்ளருக்கு மேல் அசையாமல் நின்றது. தம்ளர் நிரம்பி வழிந்து மேடையில் ஓடியது. "சனியன்" என்றாள், டீயைப் பார்த்து. பிறகு துணியை எடுத்துத் துடைத்தாள்.

"தட்டைத் தூக்குங்க" என்றாள். "வாங்க."

ஹாலில் இரண்டு படிவங்களில் கையெழுத்து விழுந்து முடிந்திருந்தது. சூப்பிரண்டு தம் கையெழுத்துக்குக் கீழே பழக்க தோஷத்தில் பதவியையும் எழுதி, பிறகு அடித்திருந்தார். தம்ளர்கள் கைக்குக் கை போனதும் அவள் முக்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே சொன்னாள்:

"அண்ணே, நீங்களும் தம்பியும் ஏழு தீவைப் பாத்துட்டு வாங்க. நாங்க ரெண்டு பேரும் ரெண்டாவது பாதையில போறோம்."

அந்த நிமிஷம் அந்தச் சகோதரர்களின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஏழு சொர்க்கமும் ஒரே நேரத்தில் மூழ்கியது போல இருந்தது.

"ஜன்னல்!" என்றார் டைல்ஸ். முதல் முறையாகப் போனைக் கீழே வைத்தார். "அக்கா, மூணு அறை இல்லேன்னா ஜன்னல் கிடையாதுக்கா!"

"எங்களுக்கும்தான்டா கிடையாது."

"உங்களுக்குப் பழக்கம்! மச்சானுக்குன்னு சொன்னேன்."

"குடும்பமாப் போறதுன்னு தீர்மானம் ஆனதும்மா" என்றார் சூப்பிரண்டு. "பெரும்பான்மை முடிவு. மாப்பிள்ளையே கை தூக்கியிருக்காரு."

"நான் தூக்கலையேண்ணே."

"என்ன, அந்த மணிக்கூண்டுக்காகவா?" என்றாள் சூப்பிரண்டு வீட்டம்மா, தலையணையைச் சரி செய்தபடி. "இன்னுமா அதைப் பாக்கணும்னு ஆசை?"

"மணிக்கூண்டு யாருக்கு வேணும் அண்ணி? மணி பாக்க வீட்ல கடிகாரம் இருக்கு. எனக்கு ஏழு ஊர் ஏறி இறங்கக் கால் ஒத்துக்காது. அதான்."

அதோடு முடிந்திருக்கும். ஆனால் டைல்ஸ் வீட்டம்மா அந்த நேரம் பார்த்து, இனி ஜன்னலில்லாமல் பார்க்கப் போகும் சொர்க்கங்களை ஒரு தரம் பார்த்துக்கொள்வோம் என்று முதல் புத்தகத்தைப் புரட்டினாள். "இதென்ன, இங்கயும் ஒரு மணிக்கூண்டு இருக்கு. உச்சியில சேவல்கூட இருக்கே. உங்க வீட்டுக்காரர் எழுதினதும் சேவல்தானே அண்ணி?"

சூப்பிரண்டு கண்ணாடியை மாட்டினார். டைல்ஸ் எட்டிப் பார்த்தார். கப்பல்காரரின் மனைவி ஒரு அடி முன்னால் வந்தாள். "உலகத்துல ஒரே ஒரு சேவலா இருக்கும்? அந்தக் காலத்துல எல்லா ஊர்லயும் அப்படித்தான் வச்சாங்க. இவர் பாத்த சேவல் இன்னும் கொஞ்சம்…"

"விடு" என்றார் கப்பல்காரர்.

அவள் நிறுத்தினாள்.

அவர் பேனாவை மேசையில் வைத்தார். தான் சொன்ன பொய் தன்னுடையது. அதை இவள் எடுத்து ஒரு தையல் போட்டுத் தன் பேரில் மாட்டிக்கொள்வது அவருக்குப் பிடிக்கவில்லை. "சேவல் அந்தத் தீவுதுதான். நான் எழுதின ஊர்ல மணிக்கூண்டு இருக்கா இல்லையான்னே எனக்குத் தெரியாது. நான் அங்க இறங்கினதே இல்ல. எந்த ஊர்லயும் இறங்கினதில்ல. எல்லாம் பயணிங்க சட்டைப் பையில கிடந்த காகிதத்தைப் பாத்து எழுதினது."

டைல்ஸ் சிரித்தார். அது வாய் விட்ட சிரிப்பு, தொடையைத் தட்டிய சிரிப்பு.

"பதினொரு வருஷம்! மச்சான், பதினொரு வருஷம் கப்பல்ல இருந்துட்டு ஒரு ஊர்ல காலை வைக்கலையா? அப்ப அத்தனை வருஷமும் எங்கதான் இருந்தீங்க?"

"ஜன்னல் இல்லாத அறையிலதான் தம்பி" என்றார் கப்பல்காரர். "ஆறு பேர் படுத்திருப்போம். பகலா ராத்திரியான்னு தெரியாது. நீங்களும் பாக்கத்தானே போறீங்க."

டைல்ஸின் சிரிப்பு பாதியில் நின்றது. சூப்பிரண்டு வீட்டம்மாவுக்கு முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. மணிக்கூண்டு பொய் என்பதற்காகவா, ஜன்னல் போனதற்காகவா என்று சொல்வது கஷ்டம். "சோபா வாங்கின அன்னைக்கு என்னமாப் பேசினா" என்று முணுமுணுத்தாள். சூப்பிரண்டு கொஞ்ச நேரம் யோசித்தார். பதிவு அலுவலகத்தில் முப்பது வருடம் போலிப் பத்திரங்களைப் பார்த்தவர். கண்டுபிடிக்காமல் நடை நன்றாயிருக்கிறது என்று பாராட்டிய ஒரே பத்திரம் இதுதான். அந்த வருத்தம் அவருக்கு.

"அப்ப அந்த ஊர்ல என்னதான் இருக்கு? ஒண்ணுமே இல்லாத ஊருக்கா போறீங்க?" என்று கேட்டார்.

"ஒரு பெஞ்சு இருக்கு" என்றாள் தங்கை.

"பெஞ்சா?"

"சிமெண்டு பெஞ்சு."

"ஒரு பெஞ்சுல உக்காரவா கப்பல் ஏறணும்?" என்றார் சூப்பிரண்டு. "நம்ம தெருமுனை பஸ் நிறுத்தத்துல ரெண்டு இருக்கே."

"அதுல நீங்க உக்காருங்கண்ணே" என்றாள் அவள்.

மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. கோபம் எவ்வளவு இருந்தாலும் செவ்வாய்க்கிழமை கோபப்பட்டுக்கொண்டு தள்ளிப் போகாது. சூப்பிரண்டு, "என் ஆட்சேபணையைக் குறிச்சுக்கங்க" என்று மட்டும் சொன்னார். கப்பல்காரர் நாற்காலியின் ஆடுகிற காலுக்கு அடியில் காதல் கரைகளை மடித்துக் கொடுத்தார். ஆட்டம் நின்றது. தம் படிவத்தை எடுத்து, பாதை என்ற கட்டத்தில் இரண்டு என்று எழுதினார். மனைவி கையெழுத்துப் போட்டாள். பிறகு கோடில்லாத தாளில், இடப் பக்கம் இரண்டு விரல் விட்டு, எழுதத் தொடங்கினார்.

"ஐயா, இத்துடன் மூன்று படிவங்கள் வைத்துள்ளேன். முதல் இரண்டும் பாதை ஒன்றுக்கு உரியவை. மூன்றாவது பாதை இரண்டுக்கு உரியது. பாதை ஒன்றில் செல்பவர்கள் ஜன்னல் அறை கிடைக்குமா என்று மீண்டும் ஒருமுறை விசாரிக்கச் சொல்கிறார்கள். பாதை இரண்டில் செல்லும் இருவருக்கும் எந்த அறையானாலும் சம்மதம். ஆனால், கப்பல் இரவு தங்கும் துறைமுகத்தில் இறங்கும் அனுமதிச் சீட்டு இருவருக்கும் தவறாமல் வேண்டும். இது முக்கியம் என்பதால் அடிக்கோடிட்டுள்ளேன்."

படித்துப் பார்த்தார். நடந்தவற்றை நடந்தபடி எழுதிய கடிதம் வெகு சின்னதாக இருந்தது. கீழே கையெழுத்திட்டு, தேதி போட்டார்.

தபால் நிலையத்துக்கு இருவரும் நடந்தே போனார்கள். வெயில் உச்சியில் நின்றது. உறை அவர் கையில் இருந்தது. இரண்டு கடை தாண்டும் வரை அவள் இரண்டடி முன்னாலேயே நடந்தாள். கோபம் போய்விட்டது என்று சொல்ல முடியாது. பதினொரு வருடத்துக் கடிதங்களை வைத்திருந்த தகரப் பெட்டியை இன்று சாயந்தரம் என்ன செய்வாள் என்றும் அவருக்குத் தெரியவில்லை.

"அந்தப் பெஞ்சுக்கு நிழல் உண்டா?" என்று கேட்டாள்.

"மஞ்சப் படுதா இருக்குன்னேனே."

"இப்பவும் இருக்குமா?"

"தெரியாது."

"ம்" என்றாள். "இந்த ஒரு தரமாவது தெரியாதுன்னு சொல்ல வருதே உங்களுக்கு."

ஒரு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. பதிவுத் தபால் எழுதும் அம்மாள் கைப்பையை மூடித் தயாராக வைத்துக்கொண்டு, இவர்களைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தாள். "ஒட்டவே இல்லையே சார். ஒட்டிக் குடுங்க." கப்பல்காரர் ஜன்னல் கட்டையில் இருந்த பசைக் கிண்ணத்தில் விரலை விட்டார், பசை காய்ந்து கிடந்தது. மனைவி உறையைப் பிடுங்கி, மடிப்பை நாக்கால் நனைத்து, துணி ஓரத்தைத் தையலுக்கு முன் மடித்து அழுத்துவது போலக் கட்டை விரலால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை அழுத்தி, ஜன்னலுக்குள் நீட்டினாள். அம்மாள் எடை போட்டாள், எண் ஒட்டினாள், முத்திரையை ஒரு குத்துக் குத்தி, திரும்பிப் பார்க்காமலே பின்னால் இருந்த சாக்கில் எறிந்தாள்.